செத்தவன் ஓட்டுகிற வள்ளம்

ஏழு.

இந்த எண்ணை மறக்க வேண்டாம். கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்றால், அவன் செத்துப்போனான் என்று ஒப்புக்கொள்ளச் சட்டம் கேட்கிற வருஷம் ஏழு. அதுவரைக்கும் அவன் காணாமல் போனவன். வாக்காளர் பட்டியலில் இருப்பான். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயர் இருக்கும். வீட்டில் மட்டும் இருக்கமாட்டான். அவன் பெண்டாட்டியைப் புருஷன் உள்ளவள் என்றும் எழுத முடியாது, இல்லாதவள் என்றும் எழுத முடியாது. எழுதுகிறவனுக்கு அது ஒரு காலி இடம். அவளுக்கு அது கட்டிலில் பாதி.

புன்னைக்காயல் ரோஸுக்கு அந்தக் கெடு வருகிற ஐப்பசியோடு முடிகிறது. வக்கீல் மனு தயார் செய்துவிட்டார். பங்குச் சாமியார் வீடு தேடி வந்து பேசினார். ஊர்க் கமிட்டி ஆள் அனுப்பியது. ரோஸ் எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள். கையெழுத்து மட்டும் போடவில்லை.

“ராசதொரை வரலையா? அவுகளும் வருவாக.”

யார் போய்க் கேட்டாலும் இதுதான் பதில். அதற்கு மேல் யாராலும் பேச முடியவில்லை. ஏனென்றால் ராஜதுரை வந்தது உண்மை. அவனுக்கு ஊர் சேர்ந்து அடக்கம் செய்து, மணி அடித்து, சிமெண்டுச் சிலுவை நட்ட பிறகு வந்தான்.

ராஜதுரையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் கிடையாது. எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு வள்ளத்தில் ஏறினான். சங்கு குளிக்கப் போனான், காதில் சீழ் பிடித்ததும் விட்டுவிட்டான். மீனவர் சங்கத்தில் சேர்ந்தான். கூட்டத்துக்கு வந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்குவான். மறியல் என்றால் மட்டும் முதல் ஆளாக லாரியில் ஏறுவான். ரோஸின் புருஷன் தேவபிரசாதம் அவனுக்கு அடுத்த வீடு, இரண்டு வயது மூத்தவன். இருவரும் ஒரே வள்ளம், ஒரே பீடிக்கட்டு. யார் சாரம் யார் இடுப்பில் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. ராஜதுரைக்கு வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் செத்தான்.

நடந்தது இதுதான். ஐப்பசி மாதம், வாடைக்காற்று தொடங்கின நேரம். இருவரும் போன பைபர் வள்ளம் நடுக்கடலில் கவிழ்ந்தது. ஊர் தேடியது, அரசாங்கம் தேடுகிறேன் என்றது. வள்ளத்தில் இருவரும் நின்று எடுத்த பழைய படம் ஒன்று செல்போன் செல்போனாகச் சுற்றியது. சில நாள் கழித்து ஒரு விசைப்படகில் இருந்த இரண்டு பேர் ராஜதுரையின் அண்ணன் தேவமணிக்குப் போன் போட்டார்கள். உங்கள் தம்பி மிதந்து போவதைப் பார்த்தோம், அலை விடவில்லை, தூக்க முடியவில்லை என்றார்கள். தேவமணி நம்பினான். ஊரும் நம்பியது. உடல் இல்லாதபோது செய்கிற மாதிரி, அவன் சட்டையையும் சாரத்தையும் பெட்டிக்குள் வைத்து மூடி, பாட்டுப் பாடிக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

அன்று கடற்கரையில் ஒரு பிளெக்ஸ் கட்டினார்கள். இருவர் படமும் போட்டு, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று ஒரு பனை நீளத்துக்கு எழுத்து. ரோஸ் மீன் அறுக்கிற கத்தியோடு வந்தாள். ஸ்டூல் போட்டு ஏறினாள். பிளெக்ஸை நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாகக் கிழித்து, புருஷன் இருந்த பாதியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

“என் புருசனைப் பொணமாப் பாத்தேன்னு எவனாவது சொன்னானாலே? பாக்காதவனுக்கு எப்படிலே கண்ணீரு விடுவிய?”

மிச்சப் பாதியில் ராஜதுரை முகமும் ‘கண்ணீர்’ என்ற எழுத்தும் காற்றில் அடித்துக்கொண்டு கிடந்தன.

சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம், கோயிலுக்கு முன்னால் நின்ற பஸ்ஸிலிருந்து ராஜதுரை இறங்கினான். வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்று அவனைத் தூக்கியிருக்கிறது. காய்ச்சலில் பெயர்கூடச் சொல்ல முடியாமல் எங்கோ ஒரு துறைமுகத்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். கப்பல் ஓர் ஆபீஸுக்குச் சொன்னது. அந்த ஆபீஸ் இன்னோர் ஆபீஸுக்குச் சொன்னது. ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கூட்டத்தில் பாதிப்பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். தேவமணி ஓடிவந்து தம்பியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். தொட்ட கன்னத்திலேயே ஓங்கி ஓர் அறை விட்டான். அப்புறம்தான் கட்டிப்பிடித்து அழுதான்.

ரோஸ் வந்தாள். அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு பஸ்ஸுக்குள் ஏறிக் கடைசி சீட் வரை போய்ப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

“மதினி, அண்ணன் என் கண்ணு முன்னாலதான்...” என்று அவன் தொடங்கினான். அவள் உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தினாள். மீன் செதில் ஒட்டின கை. பல்லில் அழுத்தி உதடு கிழிந்தது.

“ஒன்னையும் கண்ணால பாத்தேன்னுதான் ரெண்டு பேரு சொன்னானுவ. நீ வந்து நிக்கலையா? வாயை மூடு.”

அன்று மூடிய வாய்தான். பிறகு அவன் எப்போது அந்தப் பேச்சை எடுத்தாலும் அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். தெருவில் எதிரே வந்தால் இன்றைக்கும் முதலில் அவன் தோளுக்கு மேலே பின்பக்கம் பார்ப்பாள். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் “சாப்பிட்டியா” என்பாள். ராஜதுரையும் ஒரு கட்டத்தில் நடக்கும்போது திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.

உயிரோடு வந்தவனுக்கு வேலை கொஞ்சமா? ரேஷன் கார்டில் பெயரை அடித்துவிட்டார்கள். நான் உயிரோடு இருக்கிறேன் என்று அவனே போய் நின்றால், அதற்கு அத்தாட்சி கொண்டு வா என்றார்கள். சங்கம் அலுவலக வாசலில் உட்கார்ந்த பிறகு பெயர் திரும்பி வந்தது. கல்லறையை எடுக்கச் சாமியார் சம்மதிக்கவில்லை, மந்திரித்த மண்ணைத் தோண்டக்கூடாது என்றார். அவன் பெயர் எழுதின சிலுவை அங்கேயே நிற்கிறது. கல்லறை உள்ள மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? இந்தப் பக்கத்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் நாளைக்குப் பத்துத் தடவை ‘சவமே’ என்று ஏசிக்கொள்வார்கள், அதில் கோபமும் கிடையாது, அர்த்தமும் கிடையாது. அவனிடம் மட்டும் அந்தச் சொல் தொண்டை வரை வந்து நின்றுவிடும். அவனை இன்னும் அப்படி ஏசுகிற ஒரே ஆள் ரோஸ்.

அவன் மறுபடி கடலுக்குப் போகவில்லை. முகத்துவாரத்தைத் தாண்டுவதில்லை. மணல்திட்டுக்கு உள்பக்கம் ஓடுகிற உப்பங்கழியில் நண்டும் இறாலும் பிடிக்கிறான். கழிக்குள் எஞ்சின் போடக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு, நண்டு வலைகள் அறுந்துபோகும். ஆகவே சின்ன மரவள்ளம், அதற்கு ஒரு பாய். பாய்க்குத் துணி தேடியபோது கடற்கரையில் கிடந்த பாதிப் பிளெக்ஸை எடுத்துக்கொண்டான். எரிக்கவும் பயந்து, வீட்டில் வைக்கவும் பயந்து யாரும் தொடாமல் போட்டிருந்தது அது. முக்கோணமாக வெட்டித் தைத்ததில் படம் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. பாயை ஏற்றினால் ராஜதுரை பெட்டிக்குள் கிடக்கிற மாதிரி படுத்தவாக்கில் இருப்பான். கீழே இன்னொரு ராஜதுரை சுக்கானைப் பிடித்திருப்பான்.

புரட்டாசியில் ஒருநாள் ரோஸுக்கு ஒரு போன் வந்தது. பழையகாயலுக்கு வடக்கே உப்பளத்தோரம் டீக்கடை வைத்திருக்கும் காசிலிங்கம் பேசினார். பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர். முன்பு எப்போதோ ரோஸ் அவர் கடைச்சுவரில் புருஷன் படத்தை ஒட்டிவிட்டு வந்திருந்தாள். உப்பளத்தில் ஓர் ஆள் வந்து சேர்ந்திருக்கிறான், வாய் பேசுவதில்லை, கையில் சிலுவை பச்சை குத்தியிருக்கிறான், நாள் முழுக்கத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்றார்.

மறுநாள் வெளுக்கும்போது ரோஸ் ராஜதுரையின் வள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் ஒரு பை, ஒரு தூக்குவாளி.

“பஸ்ல போகலாம்லா மதினி?”

“பஸ்ஸைப் பாத்தா மெரண்டுருவாக. வள்ளம்னா ஏறிருவாக. நீயும் கூட வந்தா ஆளு அடையாளம் தெரியும்.”

அது தேவபிரசாதம் இல்லை என்று ராஜதுரைக்குத் தெரியும். வேளாங்கண்ணியில் ஒருவன், ராமேஸ்வரத்தில் ஒருவன், மண்டபத்தில் ஒருவன் என்று எத்தனையோ பேரை அவள் போய்ப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் கொஞ்சம் இளைத்து வந்தாள். இந்தத் தடவையும் இல்லை என்றாகி, அடுத்த மாதம் மனுவும் போடாமல் விட்டால், இந்த அலைச்சல் அவள் சாகிறவரை நிற்காது. அந்த அலைச்சலுக்கு முதல் போட்டவன் தான்தான், செத்த இடத்திலேயே கிடக்காமல் திரும்பி வந்தவன் தான்தான் என்பது அவனுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. பாயை ஏற்றினான்.

கச்சான் காற்று, அதாவது மேற்கத்திக் காற்று, இடது தோளில் சீராக அடித்தது. வள்ளம் வடக்கே ஓடியது. இடப்பக்கம் அலையாத்திக் காடு, வேர்களெல்லாம் சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டு. வலப்பக்கம் மணல்திட்டு. திட்டுக்கு அப்பால் கடல். கடல் கண்ணில் படாது, சத்தம் மட்டும் கூடவே வரும். ஒரு காலத்தில் கப்பல் வந்த ஆற்றின் கழிமுகம் இது. துறைமுகங்களே ஒவ்வொன்றாகச் செத்து வயலாகிப்போன ஆறு. தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் நின்றன.

ரோஸ் வள்ளத்தின் முன்முனையில், முன்னணியத்தில், பாய்க்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

“பையில என்ன மதினி?”

“சட்டையும் சாரமும். அவுக சட்டைல இது ஒண்ணுதான் மிச்சம். மத்ததை எல்லாம் எலி கடிச்சுட்டு.” பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, “தலை நரைச்சிருக்கும்லா? நாப்பத்தொண்ணு ஆச்சே” என்றாள்.

“நரைச்சிருக்கும். அவங்க வீட்டுல எல்லாருக்கும் சீக்கிரம் நரைக்கும்.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தான். அவளோடு பேசினால் உயிரோடு இருக்கிறவனைப் பற்றிப் பேசுகிற மாதிரியே பேச வாய் பழகியிருந்தது.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நண்டு வலை தூக்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி கைகொட்டிக் கூப்பிட்டாள். “ஏலே, மேல ஒரு ராசதொரை, கீழ ஒரு ராசதொரை. எதுலே அசலு?”

“கீழ உள்ளது திருட்டு டிவிடி யக்கா. மேல உள்ளதைத்தான் கோயில்ல மந்திரிச்சது.”

சிரித்தார்கள். பிறகு முன்னால் உட்கார்ந்திருக்கிற ரோஸைப் பார்த்தார்கள். அவள் மடியில் இருக்கிற பையைப் பார்த்தார்கள். சிரிப்பு அப்படியே நின்றது. ஒருத்தி தண்ணீருக்குள் நின்றபடியே சிலுவை போட்டுக்கொண்டாள். வள்ளம் கடந்து போகிறவரை யாரும் வலையைத் தூக்கவில்லை.

“சவமே, பாயை இறுக்கிப் பிடி. வளவளன்னு பேசிக்கிட்டு” என்றாள் ரோஸ்.

வெயில் ஏறினபோது உப்பளத்து மடைக்கு வந்து சேர்ந்தார்கள். காசிலிங்கம் கடையை விட்டு இறங்கிக் கரைக்கு வந்தார். பாயைப் பார்த்தார், சுக்கானில் இருந்தவனைப் பார்த்தார், மறுபடி பாயைப் பார்த்தார்.

“யப்பா, என்னப்பா இது? உயிரோட இருக்கவன் செய்யுத வேலையா இது?”

“பிளெக்ஸ் கெட்டி அண்ணாச்சி. மழை ஏறாது.”

“அதுக்காக? வேற சினிமாக்காரன் படம் கெடைக்கலையா?” ரோஸ் பக்கம் திரும்பியதும் குரல் இறங்கியது. “வாம்மா. அந்தா, மடைமேல இருக்கான் பாரு. சோறு வச்சா திங்கான். வைக்கலைன்னா கேக்கமாட்டங்கான். ராத்திரி எங்கன படுக்கான்னு ஒருத்தனுக்கும் தெரியலை. நானா எதுவும் சொல்ல மாட்டேன். நீயே பாத்துக்க.”

மடைச்சுவரில் ஓர் ஆள் குந்தியிருந்தான். சட்டை இல்லை. முதுகு கருத்து உப்புப் பூத்திருந்தது. பாதி தூரம் போவதற்குள்ளேயே ராஜதுரைக்குத் தெரிந்துவிட்டது. தோள் அகலம் சரி, உயரமும் சரி. ஆனால் தேவபிரசாதம் இல்லை. சொல்லவில்லை. அவன் சொல்லுக்கு இந்த ஒரு விஷயத்தில் மதிப்பு கிடையாது.

ரோஸ் நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு நேராகப் போகாமல், சுற்றிக்கொண்டு அந்த ஆளின் இடப்பக்கமாகப் போனாள். தேவபிரசாதம் சங்கு குளித்தவன். ஆழத்தில் இடது காது கிழிந்து, அந்தப் பக்கம் பட்டாசு வெடித்தாலும் கேட்காது. அதனால் எப்போதும் அவனுக்கு வலப்பக்கமே படுத்தவள் அவள். இடது காதோரம் குனிந்து, மெல்ல, வீட்டுக்குள் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

“என்னங்க.”

அந்த ஆள் சட்டென்று திரும்பினான். அவளைப் பார்த்துச் சிரித்தான்.

ரோஸ் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. தூக்குவாளியைத் திறந்தாள். சோறும் பொரித்த சாளை மீனும். மூடியில் வைத்து அவன் முன்னால் நகர்த்தினாள். அவன் தின்றான். முள்ளைத் துப்பத் தெரியாமல் மென்றான், அவளே எடுத்துக் கொடுத்தாள். தின்று முடித்ததும் பையிலிருந்து சட்டையை எடுத்து நீட்டினாள். அவன் அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டான். பொத்தான் மாட்டாமல் எழுந்து, பாத்திகளுக்கு நடுவே வரப்பில் நடந்து போனான். இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள் வெள்ளை வெள்ளையாக நின்றன.

ரோஸ் விருட்டென்று எழுந்தாள். பின்னாலிருந்து பார்க்க அது தேவபிரசாதம். அதே தோள், அதே சட்டை, லேசாக வலப்பக்கம் சாய்ந்த அதே நடை. வெயிலில் நின்றுகொண்டு, செத்த மனிதன் ஒருவன் உப்புக் குவியல்களுக்குள் போய் மறைவதை இருவரும் பார்த்தார்கள்.

“இல்லையாம்மா?” என்றார் காசிலிங்கம்.

“இல்ல அண்ணாச்சி. சட்டை பொருத்தமா இருந்துச்சு.”

அவர் இருவருக்கும் டீ போட்டார். காசு வாங்கமாட்டேன் என்றார்.

திரும்புவதற்குக் கொண்டல் வரட்டும் என்று காத்திருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் கடற்பக்கமிருந்து அந்தக் காற்று வந்தது, பாதி வழி வரைக்கும் கொண்டுவந்தது, பிறகு செத்துப்போனது. தண்ணீரும் வற்றத் தொடங்கியிருந்தது. ராஜதுரை கம்பை ஊன்றித் தள்ளிப் பார்த்தான். வள்ளத்தின் அடி சேற்றில் அப்பிக்கொண்டது. இனி தண்ணீர் ஏறினால்தான் நகரும்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அலையாத்திக் காட்டுக்குள்ளிருந்து டப் டப் என்று சேறு வெடிக்கிற சத்தம் வந்தது. திட்டுக்கு அந்தப் பக்கம் கடல். பாய் தளர்ந்து தொங்கியதில் அதிலிருந்த முகம் மடங்கி ஒரு கண் மட்டும் வெளியே தெரிந்தது. ராஜதுரை எழுந்து பாயை இறக்கப் போனான்.

“இருக்கட்டும் விடு” என்றாள் ரோஸ். பிறகு, “ஏலே.”

“சொல்லுங்க மதினி.”

“பின்னால பாத்தா அவுகளேதான், இல்லியா?”

“ஆமா.”

“ஒரு சட்டையைப் போட்டா எவனும் எவனாவும் ஆயிருவான் போலுக்கு.” காலைத் தண்ணீரில் தொங்கப்போட்டுக்கொண்டாள். “ஒன்னையும் அப்படித்தான பாத்திருக்கானுவ அந்த ரெண்டு பேரும். மூஞ்சியப் பாக்கவே இல்லையாம். கவுந்தாப்ல கெடந்துச்சாம். மஞ்ச பனியன், முதுகுல பத்துன்னு நம்பரு. போன்ல சுத்துன படத்துல நீ அதைத்தான போட்டிருந்த, நெஞ்சுலயும் அதே பத்து. அதை வச்சு நீன்னு சொல்லிப்புட்டானுவ.”

ராஜதுரை கையிலிருந்த கம்பு அசையவில்லை.

“யாரு சொன்னா?”

“ஒங்க அண்ணன் தேவமணிதான். எப்படிலே ஆளைக் கண்டுபிடிச்சானுவன்னு நான் போயி நோண்டி நோண்டிக் கேட்டேன்லா. ஒங்கிட்ட சொல்லலையா?”

சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை. நான் செத்ததை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒருவன் எப்படிப் போய்க் கேட்பான்? அவன் வந்து நின்ற அன்றே, அந்த இரண்டு பேரும் பொய்யர்கள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. தேவமணிக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் செத்துப்போகும், உயிரோடு இருந்த தம்பியைப் புதைத்தவன் அல்லவா? ஆகவே வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை.

“மதினி. அந்தப் பனியன் எம்மேல இல்ல.”

“என்னலே சொல்லுத?”

“மொத ராத்திரி அண்ணனுக்குக் குளிரு தாங்கலை. பல்லு கிட்டிக்கிட்டு. அவன் சட்டை வள்ளத்தோட போயிட்டு. நான் கழட்டி அவனுக்கு மாட்டிவிட்டேன். கப்பல்காரன் என்னைத் தூக்கும்போது வெறும் ஒடம்பாத்தான் கெடந்தேன். நீங்க வேணும்னா...” மேலே சொல்ல வரவில்லை. யாரைக் கேட்கச் சொல்வது? கப்பலையா?

ரோஸ் காலை மேலே எடுத்துக்கொண்டாள். இரண்டு முழங்காலையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை எழுந்து உள்ளே போக வீடு இல்லை. சுற்றிலும் சேறு. அவன் வாயைப் பொத்த அவள் கையும் எழவில்லை.

பிறகு கேட்டாள். “மாட்டிவிடும்போது ஏசுனாகளா?”

“ஏசுனான்.”

“என்னன்னு?”

“நாத்தம் புடிச்ச பயலே, இதை எந்த வருசம்லே தொவச்ச, பொணம்கூடப் போடாதுலேன்னான்.”

ரோஸ் சிரித்தாள். சிரிப்பு பெரிதாக வந்தது, காட்டுக்குள்ளிருந்து நாரைகள் எழும்பின. “அவுகதான்” என்றாள். “அது அவுகதான்.” பிறகு அந்தச் சிரிப்பே வேறாக மாறியது. ராஜதுரை முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பைப் பிடித்தபடி நின்றான். பக்கத்தில் போகவில்லை. அழ வேண்டியதை ஏழு வருஷம் நிறுத்திவைத்தவள் அழுகிறாள், அதற்குள் யார் போவது?

அழுகை ஓய்ந்ததும், “சொல்லு” என்றாள். “எல்லாத்தையும் சொல்லு.”

சொன்னான். டீசல் கேனை இருவரும் கட்டிப்பிடித்துக் கிடந்தது, மறுநாள் வெயில், தேவபிரசாதம் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டது, சாயங்காலம் கை தானாகத் தளர்ந்தது, இவன் முடியைப் பிடித்தது, முடி நழுவியது. அலங்கரிக்க ஒன்றும் இல்லை. எத்தனை வருஷமாக வாய்க்குள் கிடந்தது, சொல்லி முடிக்க ஒரு பீடி நேரம்கூட ஆகவில்லை.

“அப்ப அவனுவ பாத்தது அவுகளைத்தான்.”

“ஆமா.”

“அப்ப அந்தக் குழி?”

“அண்ணனைப் பாத்துட்டுத்தான தோண்டுனாங்க. அண்ணனுக்குத்தான் மணி அடிச்சிருக்கு, பாட்டுப் பாடிருக்கு. பேருதான் மாறிப்போச்சு மதினி. அந்தக் குழி என்னைக்கும் எனக்குள்ளது இல்ல.”

“உள்ள கெடக்கது ஒன் சாரம்லா.”

“கெடக்கட்டும். என் சாரத்தை அவன் உடுத்தாத நாளு உண்டா?”

அவள் மூக்கைச் சிந்தினாள். “சாமியாரு விடுவாரா?”

“அவருகிட்ட நீங்க பேசுங்க. தோண்டச் சொல்லலை, பேரை மாத்தத்தான் கேக்கோம். பெயிண்டும் பிரசும் நான் வாங்குதேன். நாளைக்கே சொரண்டிட்டு எழுதிருவேன்.”

“வக்கீலுகிட்டயும் போணும். அந்தக் கையெழுத்து.”

“போவோம்.”

வள்ளம் ஒருமுறை ஆடியது. தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. ராஜதுரை கம்பை ஆழ ஊன்றி உந்தினான், சேறு உறிஞ்சிவிட்டு வள்ளத்தை விட்டது. ரோஸ் காலியான தூக்குவாளியைக் கழித் தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைத்தாள்.

“நல்ல கறுப்புப் பெயிண்டா வாங்கு. தேவபிரசாதம்னு முழுப் பேரா எழுது. தேவு கீவுன்னு எழுதிராத.”

புருஷன் பெயர் அவள் வாயிலிருந்து வந்து ராஜதுரை கேட்டதே இல்லை. கம்பை மாற்றிப் பிடித்தான்.

“சரி மதினி. வயசு என்ன போட?”

அவள் திட்டுக்கு அந்தப் பக்கம் கடல் இருக்கிற திசையைப் பார்த்தாள்.

“முப்பத்தி நாலு.”